எரிந்த விமானமும் என் வீட்டுக்காரரும்

நாங்கள் ஏறின விமானம் தரையிலேயே தீப்பிடித்துக்கொண்டது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே நெருங்கி வந்து உட்காருகிறார்கள். நான் தீயைப் பற்றி ஆரம்பித்து, எப்படியோ என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். அவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது. அவர்களுக்கு வேண்டியது புகை, கூச்சல், அவசரக் கதவு. எனக்கு அந்த நாளில் பெரிதாக நிற்பது, அவர் எங்கே போய் நின்றார் என்பதுதான். அவர் போன பிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். மேசை நாற்காலி வேலை என்று நினைத்துவிட வேண்டாம். உப்புப் போட்டு லாரியில் வந்து இறங்குகிற பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரையும் சவ்வையும் எடுக்கிற இடத்தில் வேலை. அதே கம்பெனியில் மற்ற பிரிவில் இருக்கிறவர்களே அந்தப் பக்கம் வருவதென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். நான் ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பாவுக்கு லைன் வேலை. எங்கள் வீட்டில் கிரீஸ் வாடை இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

கல்யாணமாகி முதல் வாரம் எனக்கு ஓயாத தலைவலி. ஜன்னலோரம் பாயைப் போட்டு, வெளியே பார்த்தபடி படுத்தேன். மறுநாள் அவர் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கொசு கடித்து முகமெல்லாம் தடித்துப்போய் ஒரு காலையில் வந்து நின்றார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அன்றைக்கு நான்தான் அந்தப் பாயை உள்ளே இழுத்துப் போட்டேன்.

பிறகு நானும் ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவு. நாள் முழுக்க ஒட்டுப்பசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் அந்த சொல்யூஷன் வாடை கையை விட்டுப் போகாது, சோறு பிசைந்தால் சோற்றில்கூட வரும். அவருடைய வாடையும் என்னுடைய வாடையும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தின. கொஞ்ச நாளில் எனக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை. அதற்கும் மேலே ஒன்று நடந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே, அவர் வந்துவிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். வாடை இருந்தால் மனசு இறங்கி உட்காரும். இல்லாவிட்டால், இன்றைக்கும் ஓவர்டைம் போலிருக்கிறது என்று எரிச்சலாக வரும். அந்தச் சந்தும் அந்தச் சாயங்காலமும் மறுபடி கிடைக்குமானால் நான் வேறு எதையும் கேட்க மாட்டேன்.

ஆனால் அவருக்கு அந்த வாடையோடு சமாதானமே ஆகவில்லை. வெளியிடம் எதற்குப் போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். மற்றவர்கள் மேல் பட்டு வருகிற காற்று தன் மேல் பட்டு அப்பால் போக வேண்டும், அப்படி ஓர் இடமாகப் பார்த்து நிற்பார். சர்ச்சில் கடைசி பெஞ்சு, அதிலும் கதவுப் பக்கம். ரயிலில் இடம் காலியாகக் கிடந்தாலும் கதவாண்டைதான். எதிரில் யாராவது மூக்கின் மேல் விரலை வைத்தால் போதும், எழுந்துவிடுவார். பாதிப் பேர் ஜலதோஷத்துக்கு மூக்கைத் துடைத்திருப்பார்கள்.

எனக்கோ அந்த இடத்தில் கோபம் பொத்துக்கொண்டு வரும். வாணியம்பாடி பஸ்ஸில் ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வைக்கு, அந்த அம்மாள் காலில் கிடந்த தோல் செருப்பைக் காட்டி, இது எந்த மரத்தில் காய்த்தது என்று கேட்டுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இவர் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்.

"வுடு. அவங்க மூக்கு, அவங்க பொத்திக்கிறாங்க. உனக்கு இன்னா?"

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மகள் விஷயத்தில் அவர் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் அப்பாவின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவாள். இவர் தூரத்திலேயே உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். பின்னால் ஒரு பெரிய குளியல் நடக்கும். சோப்பு, புளி, எலுமிச்சைத் தோல், எதையும் விட்டுவைக்க மாட்டார். அவர் ஆற அமரத் தேய்த்து முடித்து வருவதற்குள் அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள். தூங்குகிறவள் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். தொட மாட்டார். பெண் வளர்ந்ததும் அதுவே வழக்கமாகிவிட்டது. அவளுடைய கல்யாணத்தன்றுகூட பிரியாணி அடுப்பு எரிகிற இடத்தில்தான் அவரைத் தேடிப் பிடித்தோம்.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. வாடை எப்போதோ போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் நம்பவில்லை. முழங்கையை மடக்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். உனக்குப் பழகிப்போச்சு, உன் மூக்கை நம்ப முடியாது என்பார். என் மூக்குக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். தன்னுடைய மூக்கைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு பெருமை உண்டு. கடைத்தெருவில் பெல்ட் விற்பவன் தோல் என்று சத்தியம் செய்தால், ஓரத்தில் நூலளவு கிள்ளித் தீக்குச்சியில் காட்டச் சொல்வார். தோலாக இருந்தால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும், ரெக்ஸினாக இருந்தால் பிளாஸ்டிக் நாற்றம் வரும். தூர நின்றே சொல்லிவிடுவார். இதனால் எங்களுக்கு இரண்டு மூன்று கடைகளில் போக்குவரத்து நின்றுபோனது.

மகளும் மாப்பிள்ளையும் துபாயில் இருந்தார்கள். அவளுக்கு நிறைமாதம். நாங்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இவர் முடியாது என்றுவிட்டார். விமானத்தில் கதவைத் திறந்து வைக்க மாட்டார்கள், அடைத்த இடத்தில் அத்தனை பேருக்கு நடுவில் தன்னால் உட்கார முடியாது என்றார். அதைக்கூடச் சரி என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் நான் எதற்கு என்று கேட்டாரே, அன்றைக்கு நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். மகளை நிறுத்தின அதே உள்ளங்கையைப் பேரப்பிள்ளைக்கும் காட்டப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. எப்படியாவது இவரை அங்கே கொண்டுபோய், மகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்தது.

கடைசியில் மகளே போன் செய்தாள். கெஞ்சவில்லை. அப்பா வரவில்லை என்றால் அம்மாவும் வர வேண்டாம், நான் தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் மகள்தானே. இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு என்னிடம் வந்து, "அவங்க வூட்ல பால்கனி இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் வருகிறேன், பால்கனியில் இருந்துகொள்கிறேன், பிள்ளையைக் கையில் கொடுக்க மட்டும் யாரும் வரக் கூடாது என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். முதலில் ஆளை ஏற்றிவிடுவோம், பால்கனியைப் பிறகு பூட்டிக்கொள்ளலாம் என்று எனக்குள் கணக்கு.

கிளம்புகிற அன்று விடிவதற்கு முன்பே இரண்டு தடவை குளித்தார். புதுச் சட்டை போட்டு, கழுத்திலும் அக்குளிலும் பவுடரைக் கொட்டிக்கொண்டார். காரில் ஏ.சி. வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லி, சென்னை வரைக்கும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். விமான நிலையத்தில் என் தலை கலைந்து காடாக இருந்தது. நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பிரசவ லேகியம், இடித்த பொடிகள், குழந்தைக்கு நான் தைத்த பஞ்சு மெத்தை.

விமானத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், முதல் வேலைக்குப் போகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. நடுவில் அவர், இந்தப் பக்கம் நடைபாதையோரம் நான். அவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டு, தன்னைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்கள். விமானம் மெதுவாக நகர ஆரம்பித்தது. நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது அந்தப் பெண் துப்பட்டாவின் நுனியை மூக்கில் வைத்திருந்தாள். ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தாள், பின்னால் திரும்பினாள், மறுபடி எங்களைப் பார்த்தாள். முன் வரிசையிலும் ஒருவர் தலையைத் திருப்பி முகத்தைச் சுளித்தார். எனக்கும் ஏதோ வாடை வந்தது. இப்போது நினைத்தால் அது என்ன வாடை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். அப்போது எனக்கு வாடையில் புத்தி போகவில்லை, அந்தத் துப்பட்டாவில்தான் போனது. இத்தனை படித்த பெண், கொஞ்சமாவது மனுஷருக்கு மரியாதை வேண்டாமா என்று வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். என் முழங்காலை நகர்த்தச் சொல்லி எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பின்னாடி போய் நின்னுக்கறேன்," என்றார்.

"இது இன்னா பாசஞ்சர் வண்டியா, கதவாண்ட நிக்கிறதுக்கு? ஒக்காருங்க."

உட்காரவில்லை. என்னைத் தாண்டிக்கொண்டு, இருபக்கமும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி பின்பக்கம் நடந்தார். எங்கிருந்தோ ஒரு பணிப்பெண்ணின் அதட்டல் கேட்டது. நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன். தோலையும் ரெக்ஸினையும் தூர நின்றே பிரித்துச் சொல்கிற மனுஷர், பிளாஸ்டிக் கருகுகிற நாற்றத்துக்குள் நடந்து போகிறார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாடை என்று ஒன்று வந்தால் அது தன்னிடமிருந்துதான் வரும் என்று அவர் அத்தனை வருஷம் பழகியிருந்தார். அவரைத்தான் சொல்கிறார்கள் என்று நானும் பழகியிருந்தேன்.

பின்னால் நடந்ததை அந்தப் பணிப்பெண்ணே பிறகு எனக்குச் சொன்னாள். தமிழ்ப் பெண்தான். வண்டி நகரும்போது ஒரு பெரியவர் எழுந்து வருகிறாரே என்று, அவரைத் திட்டி உட்கார வைக்க எழுந்து வந்திருக்கிறாள். இவர் கையைக் கூப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"கோச்சுக்காதம்மா. அந்த வாடை எங்கிட்டருந்துதான் வருது. நான் தோல் கம்பெனி ஆளு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லையாம். என்ன வாடை என்று மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம்தான் தலையைத் தூக்கியிருக்கிறாள். இவர் கைகூப்பி நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, பைகள் வைக்கிற அடைப்பின் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்திருக்கிறது. யாரோ செல்போன் சார்ஜ் செய்கிற பேட்டரியைப் பைக்குள் வைத்திருந்தார்களாம், அது வெடித்துப் பற்றிக்கொண்டது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அவள் ஓடிப்போய் விமானியோடு பேசுகிற போனை எடுத்தாள். விமானம் நின்றது.

அவர்தான் எல்லோரையும் காப்பாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எழுந்து போகாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் வேறு யாராவது பார்த்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் விமானம் தரையில் இருந்திருக்குமா, மேலே போயிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதை நான் அதிகம் யோசிப்பதும் இல்லை.

விமானம் நின்ற பிறகு எல்லாம் ஒரே தள்ளுமுள்ளு. பின்னாலிருந்து ஒரு அலறல், அதோடு கறுப்புப் புகை கூரையை ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்குங்கள் என்று திரும்பத் திரும்பக் கத்தினார்கள். நான் பையைப் பிடித்தபடி பின்பக்கம் போகப் பார்த்தேன். எதிரில் வருகிறவர்கள் என்னைத் திருப்பிவிட்டு முன்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரைக் கூப்பிட்டேன். அத்தனை சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவாண்டை ஒருத்தி என் பையைப் பிடுங்கி ஓரமாக எறிந்தாள், செருப்பைக் கழற்றச் சொன்னாள், முதுகில் கை வைத்துத் தள்ளினாள். புடவையோடு சறுக்கிக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தேன்.

வெயிலில் தார் கொதித்தது. ஆயுசு முழுக்க ஊர் ஊராகப் போகிற ஷூக்களைத் தைத்தவள், வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடினேன். சற்றுத் தள்ளி புல்வெளி மாதிரி ஓர் இடத்தில் எல்லோரையும் சேர்த்து நிறுத்தினார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. விமானத்தின் பின்பகுதியில் கூரை எரிந்து ஓட்டை விழுந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பின்கதவு வழியாக வந்தவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். அவர் இல்லை. அந்தப் பணிப்பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். பெரியவரை நானே இறக்கிவிட்டேன், நன்றாகத்தான் இருந்தார், இங்கேதான் இருப்பார் என்றாள். இங்கே இல்லையே என்றேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மகளிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். நான்தானே அவரைப் பிடிவாதமாக ஏற்றினேன் என்று நினைத்தேன். அவர் இல்லாமல் அந்த வீட்டுக் கதவை எப்படித் திறப்பேன் என்று நினைத்தேன். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபோது என் முந்தானை பறந்து முகத்தில் அடித்தது. காற்று எங்கள் பக்கமிருந்து விமானத்தின் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. அதனால்தான் எங்களை இங்கே நிறுத்தியிருந்தார்கள், புகை எங்கள் மேல் வராது. அவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து புகையைப் பார்த்து நடந்தேன். ஒரு காவலர் குறுக்கே வந்து கையைப் பிடித்தார். என் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார் என்று சொல்லி உதறிவிட்டு ஓடினேன். அவரும் கத்திக்கொண்டே என் பின்னால் ஓடி வந்தார்.

அங்கேதான் இருந்தார். கூட்டத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, புகை வந்து தரையில் இறங்குகிற இடத்தில், தனியாக நின்று இருமிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எரிகிற விமானத்திலிருந்து உயிர் தப்பி வந்த பிறகும், காற்றைப் பார்த்து, அத்தனை பேருக்கும் அப்பால் போய் நின்றிருக்கிறார். நான் போன வேகத்தில் அவரை அடித்துவிட்டேன். தோளில், மார்பில், கை போன இடத்தில் எல்லாம் அடித்தேன். காவலர் திகைத்துப்போய் நின்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவர் மேல் கை வைத்தது அன்றைக்குத்தான்.

"இங்க எல்லாருந்தான் நாறுறோம்," என்றேன். "வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நட்டநடுவில் உட்கார வைத்தேன். எழுந்திருக்காதபடி அவர் சட்டை நுனியின் மேலேயே நான் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலோரப் பெண் எங்களைக் கண்டுபிடித்து வந்தாள். துப்பட்டா எங்கேயோ போயிருந்தது. வந்தவள் அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்களுக்கும் அப்பவே அந்த ஸ்மெல் வந்துச்சில்ல? வயர் கருகற மாதிரி? நான் உங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஃபர்ஸ்ட் டைம் ஃப்ளைட். சொன்னா சிரிப்பாங்களோன்னு சொல்லல. நீங்க எழுந்து போய்ச் சொன்னீங்க."

அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே அவர் கையைக் கோர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். எத்தனையோ தடவை ஜனங்கள் அவரைப் பார்த்துத்தான் மூக்கைப் பொத்தினார்கள், அதை நான் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில், ஒருத்தி எதற்காகப் பொத்தினாள் என்று அவர் வாய்விட்டுக் கேட்காமலே பதில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பெரிய அறையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்புகிறவர்களை வண்டி வைத்து அனுப்புவார்கள், போக விரும்புகிறவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் வேறு விமானம் என்று அறிவித்தார்கள். பெட்டிகள் எல்லாம் பிறகுதான் வருமாம். பாஸ்போர்ட்டும் போனும் அவர் சட்டைப்பையில் இருந்ததால் பிழைத்தன. டிவியில் பார்த்துவிட்டு ஜோலார்பேட்டையிலிருந்து என் அண்ணன் போன் செய்து, இதற்கு மேலுமா போவீர்கள், ஆண்டவரே தடுத்திருக்கிறார், திரும்பி வந்துவிடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றார். இவருக்கு இதைவிட நல்ல சாக்கு இனிமேல் கிடைக்காது என்று தெரியும். பால்கனி பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். மகள் தனியாகப் பெற்றுக்கொள்வாள், இவர் வீட்டில் உட்கார்ந்து முழங்கையை முகர்ந்துகொண்டிருப்பார். போனை அவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கரி அப்பின சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இதே சட்டையோடவா போவணும்?" என்று கேட்டார்.

வேறு சட்டைக்கு நான் எங்கே போவேன் என்றேன். அவர் என் அண்ணனிடம், நாங்கள் போய்த்தான் தீர வேண்டும், மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லிப் போனை அணைத்தார். குழாயடியில் போய் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது விமானத்தில் நான்தான் பைகள் வைக்கிற அடைப்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இந்தத் தடவையும் நடு இருக்கைதான் கிடைத்தது. சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியும் விட்டார். நான் வழியெல்லாம் விழித்துக்கொண்டு வந்தேன்.

துபாயில் இறங்கும்போது சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. கையில் ஒரு பெட்டிகூட இல்லாமல், யாரோ கொடுத்த ரப்பர் செருப்போடு வெளியே வந்தோம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள். நிறைவயிறு. அழுது அழுது முகம் உப்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை பிடிக்கப் பிடிக்க உதறிவிட்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்னிடம் வரவில்லை. நேராக அவரிடம் போனாள். நான் அவருடைய வலது கையையே பார்த்தேன்.

அது எழும்பவில்லை. அவள் வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார். பிறகு இரண்டு கையையும் கொண்டுபோய் அவள் முதுகில் வைத்தார். அவள் பிறந்ததிலிருந்து அவள் மேல் வைத்துப் பழக்கமில்லாத கை, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறித்தான் வைத்தது.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"இன்னாப்பா, இப்படி நாறுறீங்க."

"ஆமாம்மா, நாறுறேன்," என்றார் அவர். விடவில்லை.